வாடிக்கையாளரைச் சுட்ட வணிகர்கள்: உலக வர்த்தக அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் அம்மையார் அவர்களுக்கும், ஜெனீவாவில் இருக்கும் உறுப்பு நாட்டுத் தூதர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் அமைப்பு பல ஆண்டுகளாக அச்சிட்டுக் கொடுத்துவந்த ஒரு சிறு கையேடு உண்டு. இந்த வர்த்தக முறையால் விளையும் பத்து நன்மைகளைச் சொல்வது. அதில் முதல் நன்மையே சமாதானம்தான். விலை குறைவதும் வருமானம் கூடுவதும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கேட்கக் கொஞ்சம் மிகையாகத் தோன்றும், இதை ரொம்பவும் பெரிதுபடுத்தினால் தப்பு என்று கையேடே ஒத்துக்கொள்கிறது. அந்த அடக்கத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் கூடவே இன்னொரு வாக்கியமும் வருகிறது: பட்டவர்த்தனமாகச் சொன்னால், விற்கிறவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களோடு சண்டைக்குப் போகத் தயங்குவார்கள் என்று.

அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் புதுச்சேரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். ஐரோப்பிய அரசியல் சிந்தனை என் பாடம். 'வணிகம் வளர்ந்தால் போர் குறையும்' என்று எழுதி, பக்கத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர்கள் மாண்டெஸ்கியூ, காண்ட் என்று இரண்டு பெயரைப் போட்டு, கடைசியில் உங்கள் அமைப்பையும் சேர்த்துவிடுவது பிள்ளைகளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; அமைச்சர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அந்த இரண்டு பேரும் எழுதியதில் ஒரு பாதி மட்டும் உலகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய சங்கதி மற்றப் பாதியில் இருக்கிறது.

மாண்டெஸ்கியூவின் 'சட்டங்களின் ஆன்மா' முதலில் அச்சானதே உங்கள் ஊரில்தான். 1748இல், ஆசிரியர் பெயர் போடாமல் வெளிவந்தது. அதன் இருபதாம் பகுதியில் அந்தப் புகழ்பெற்ற வரி இருக்கிறது: வணிகத்தின் இயல்பான விளைவு சமாதானம். ஒன்றோடொன்று வணிகம் செய்யும் இரண்டு நாடுகளில் ஒன்றுக்கு வாங்கியாக வேண்டும், மற்றதற்கு விற்றாக வேண்டும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சார்ந்துவிடுகின்றன. எழுதியவர் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர், இங்கிலாந்துக்கு வைன் விற்றவர். அனுபவத்தில் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே அத்தியாயத்தில், அந்த வரிக்கு அடுத்தபடியாகவே பேச்சு திரும்புகிறது. வணிகப் புத்தி நாடுகளை இணைக்கிறதே தவிர மனிதர்களை அப்படி இணைப்பதில்லை என்கிறார். அது மட்டுமே கோலோச்சும் நாடுகளில் மனிதர் செய்யும் காரியங்கள், ஒழுக்கங்கள் எல்லாமே விலைக்கு வந்துவிடுகின்றன. மனிதாபிமானத்துக்காகச் செய்ய வேண்டிய சின்னஞ்சிறு உதவிகூடக் காசு வைத்தால்தான் நடக்கிறது. இந்தப் பத்தியை மாநாட்டு மேடைகளில் யாரும் வாசிப்பதில்லை.

புத்தகம் வந்த அதே 1748இல் ஒரு சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தானது. இன்றைய ஜெர்மனியின் ஆஹன் நகரில், பிரெஞ்சுக்காரர்கள் ஏ-லா-ஷாபெல் என்று சொல்லும் ஊரில். எட்டு வருட ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் அதோடு முடிந்தது. போருக்கு நடுவில், 1746இல், பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வட அமெரிக்காவின் கேப் பிரெட்டன் தீவில் இருக்கும் லூயிபர்க் கோட்டையை வாங்கிக்கொண்டார்கள். சென்னையில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சோழமண்டலக் கரையில் அந்தப் போரை நடத்தியது யார்? இரண்டு வணிகக் கம்பெனிகள். அரசர்களின் கடற்படைகள் துணைக்கு வந்தன. அப்போது சென்னையில் கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஓர் இளைஞன், கோட்டை விழுந்ததும் தப்பித்துக் கடலூருக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்கு ஓடி, எழுதுகோலை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தான். பெயர் ராபர்ட் கிளைவ். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். 1748 ஆகஸ்டில் கடற்படைத் தளபதி பாஸ்கவென் தலைமையில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டு, அக்டோபரில் தோற்றுத் திரும்பினார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளை அந்தக் காலத்தையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார். அவரும் ஒரு வணிகர்தான். வணிகம் இருக்கும் இடத்தில் மனிதர்களின் நடத்தை மென்மையாக இருக்கும் என்று ஜெனீவாவில் அச்சேறிய வருடத்தில், ஒரு வணிகக் கம்பெனியின் ஊர்மேல் இன்னொரு வணிகக் கம்பெனிக்காகக் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

மாண்டெஸ்கியூவை ஏமாளி என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன 'இயல்பான விளைவு' எந்த நிலைமையில் நடக்கும், எதில் நடக்காது என்பதுதான் கேள்வி. அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தக் கேள்வியிலேயே கிடந்து உழன்றார்கள். ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1758இல், பக்கத்து நாட்டுக்காரன் செழிப்பதைப் பார்த்துப் பொறாமைப்படும் வணிகக் கொள்கையைச் சாடினார். ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி, ஏன், பிரான்சின் வணிகமும் செழிக்க ஒரு பிரிட்டிஷ் குடிமகனாகவே வேண்டிக்கொள்கிறேன் என்றார். ஆடம் ஸ்மித் 1776இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: தனிமனிதர்களுக்கு இடையில் போலவே நாடுகளுக்கு இடையிலும் நட்புக்கும் ஒற்றுமைக்கும் கயிறாக இருந்திருக்க வேண்டிய வணிகம், பகைக்கும் சச்சரவுக்கும் மிக வளமான ஊற்றாகிவிட்டது. காரணம் என்ன? அரசர்களின் பேராசை ஐரோப்பாவின் அமைதியைக் கெடுத்ததைவிட, வணிகர்களும் உற்பத்தியாளர்களும் கொண்ட பொறாமை குறைவாகக் கெடுக்கவில்லை என்கிறார் அவர். வணிகர்களுக்கு அரசின் வாள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். கிழக்கே ஆசியாவிலும் மேற்கே அமெரிக்காவிலும் இருந்த இரண்டு 'இந்தியா'க்களின் குடிகளுக்கும் வணிகத்தால் வந்திருக்க வேண்டிய நன்மை முழுவதும் துன்பத்தில் மூழ்கிப்போனது, ஏனென்றால் பலம் ஒரே பக்கம் இருந்தது என்றும் எழுதினார். தடையற்ற வணிகத்தின் குலதெய்வமாக நீங்கள் கும்பிடுகிற அதே ஸ்மித்தான்.

காண்டுக்கு வருவோம். 1795இல் அவர் எழுதிய 'நிரந்தர சமாதானம்' ஒரு சின்னப் பிரசுரம். வணிக உணர்வு போரோடு சேர்ந்து இருக்க முடியாது, என்றைக்காவது ஒருநாள் அது எல்லா மக்களையும் பிடித்துக்கொள்ளும் என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. உங்கள் உரைகளில் அடிபடுவது அந்த இடம். சில பக்கங்கள் முன்னால் புரட்டுங்கள், மூன்றாவது உறுதி விதி. ஐரோப்பாவின் வணிக நாடுகளுக்கு ஒரு மண்ணுக்கு விருந்தாளியாகப் போவதும் அதைப் பிடித்துக்கொள்வதும் ஒன்றாகவே இருக்கிறது என்று ஆரம்பிக்கிறார். இந்துஸ்தானத்தில் வணிகக் கிடங்கு வைக்கிறோம் என்ற சாக்கில் அந்நியப் படைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே மக்களை ஒடுக்குவது, அங்குள்ள அரசுகளை ஒன்றோடொன்று மோதவிடுவது, பஞ்சம், கலகம், துரோகம் எல்லாம் வந்தன. இந்த விருந்தாளிகளைப் பார்த்துவிட்டுச் சீனாவும் ஜப்பானும் கதவைச் சாத்தியது புத்திசாலித்தனம் என்கிறார். மிகக் கொடூரமான அடிமைமுறையின் இருப்பிடம் சர்க்கரைத் தீவுகள். அவற்றால் உண்மையான லாபமும் இல்லை. போர்க்கப்பல்களுக்கு மாலுமிகளைப் பழக்கி, மறுபடியும் ஐரோப்பாவில் போர் நடத்தவே அவை உதவுகின்றன. கடைசிக் குற்றச்சாட்டைக் கவனியுங்கள். தொலைதூர வணிகம் ஐரோப்பியப் போருக்குத் தீனி போடுகிறது என்கிறார், வணிக உணர்வின் தீர்க்கதரிசி என்று நாம் படித்த அதே மனிதர்.

காண்ட் வணிகத்துக்கு எதிரி அல்ல. அவர் வாழ்ந்த கோனிக்ஸ்பர்க் ஒரு துறைமுக நகரம். அவருடைய நெருங்கிய நண்பர் ஜோசப் கிரீன் ஓர் ஆங்கில வணிகர். தம் சேமிப்பைக்கூட அந்த நண்பரின் கம்பெனியில்தான் காண்ட் போட்டுவைத்திருந்தார். தெரிந்தே இரண்டையும் ஒரே பிரசுரத்தில் எழுதினார். அப்புறம் இன்னொன்று: வணிக உணர்வை வைத்துச் சமாதானம் வந்தே தீரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது, ஆனால் அதற்காக உழைப்பது நம் கடமை என்று சொல்லும் அளவுக்கு அது போதும் என்றும் சேர்த்துக்கொண்டார். கடமை என்றார். தானாக நடக்கும் என்று சொல்லவில்லை.

இனி கையேட்டு வாக்கியம். விற்கிறவர் வாடிக்கையாளரோடு சண்டைக்குப் போகத் தயங்குவாரா?

சீனாவிலிருந்து பிரிட்டன் தேயிலை வாங்கியது. சீனாவுக்கு அபின் போனது. பீகாரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்காணிப்பில் பயிராகி, கல்கத்தாவில் ஏலம் போன அபின். சீன அரசு அதை நிறுத்த முனைந்து, 1839இல் இருந்த சரக்கைப் பறித்து அழித்தது. வாடிக்கையாளர் வேண்டாம் என்றார், விற்பனையாளர் பீரங்கியோடு வந்தார். 1842இல் நான்ஜிங் ஒப்பந்தம்: ஹாங்காங் தீவு, ஐந்து துறைமுகங்கள், 2.1 கோடி வெள்ளி டாலர் நஷ்டஈடு.

அது பழைய ஏகபோகக் கம்பெனிப் புத்தியின் மிச்சம், உண்மையான தடையற்ற வணிகக்காரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. சரி, ஜான் பௌரிங்கைப் பார்ப்போம். ஆங்கிலச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமின் அணுக்கச் சீடர். பெந்தாம் காலனிகளை விட்டுவிடச் சொல்லி, படைகளைக் குறைக்கச் சொல்லி, நாடுகளின் தகராறுகளைத் தீர்க்க ஒரு பொது நீதிமன்றம் கேட்டு ஒரு நிரந்தர சமாதானத் திட்டம் எழுதினார். அதை அவருடைய தொகுப்பு நூல்களில் சேர்த்து உலகத்துக்குக் கொடுத்தவரே பௌரிங்தான். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்களை எதிர்த்த மான்செஸ்டர் இயக்கத்தின் தொடக்கத்தில் கூட நின்றவர். 'இயேசு கிறிஸ்துவே தடையற்ற வணிகம், தடையற்ற வணிகமே இயேசு கிறிஸ்து' என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் புகழ்பெற்றது. கொள்கைச் சுத்தத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் பௌரிங் 1854இல் ஹாங்காங் ஆளுநரானார். 1856 அக்டோபர் 8 அன்று கான்டன் துறைமுகத்தில் 'ஆரோ' என்ற படகில் சீன அதிகாரிகள் ஏறி, கடற்கொள்ளைச் சந்தேகத்தில் 12 மாலுமிகளைப் பிடித்துப்போனார்கள். படகின் சொந்தக்காரர் சீனர், மாலுமிகள் சீனர்கள். ஹாங்காங்கில் பதிவான படகு, கேப்டன் என்று பேருக்கு ஒரு பிரிட்டிஷ் குடிமகன். பிரிட்டிஷ் கொடியை இறக்கி அவமதித்துவிட்டார்கள் என்று தூதரக அதிகாரி ஹாரி பார்க்ஸ் குதித்தார். பௌரிங் பதிவேட்டைப் பார்த்தார். படகின் பதிவு செப்டம்பர் 27ஆம் தேதியே காலாவதி. அதாவது, கொடி ஏற்ற உரிமையே இல்லை. அதைப் பார்க்ஸுக்குக் கடிதத்திலேயே எழுதினார். பதிவு முடிந்துபோனது சீனர்களுக்குத் தெரியாது என்றும் சேர்த்து எழுதினார். சீன வைஸ்ராய் யே மாலுமிகளைத் திருப்பி அனுப்பிய பிறகும், மன்னிப்புக் கேட்கவில்லை என்று அந்த மாதமே பிரிட்டிஷ் கப்பல்கள் கான்டன்மேல் குண்டு வீசின. வருடக்கணக்கில் நீண்ட இரண்டாம் அபின் போர் இப்படித்தான் தொடங்கியது. சமாதானத் திட்டத்தை உலகத்துக்குக் கொடுத்த கையும், அந்தக் கடிதத்தை எழுதிய கையும் ஒன்றே.

அதே முகாமில் இன்னொரு மனிதரும் இருந்தார் என்பதால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியம். ரிச்சர்ட் காப்டன், தானியச் சட்டங்களை ஒழித்த தலைவர், பௌரிங்குக்கு இருபது வருடப் பழக்கம். 1857இல் நாடாளுமன்றத்தில் எழுந்து பௌரிங்கின் செயலைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவந்தார். பலமான ஒரு நாட்டோடு இப்படி நடந்துகொள்ளத் துணிவோமா என்பதுதான் அவர் வாதத்தின் முதுகெலும்பு. 263க்கு 247 என்று தீர்மானம் வென்றது. பிரதமர் பால்மர்ஸ்டன் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனார். போர் வெறியில் ஜெயித்தார். காப்டன் தோற்றார், அவர் தோழர் ஜான் பிரைட் மான்செஸ்டரிலேயே தோற்றார். துணி விற்கும் மான்செஸ்டர், சீனச் சந்தையைப் பீரங்கியால் திறக்க வேண்டாம் என்று சொன்னவரை வீட்டுக்கு அனுப்பியது!

காப்டன் ஓயவில்லை. 1860 ஜனவரியில் பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் மிஷெல் ஷெவாலியேவோடு பேசி முடித்து, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இடையில் புகழ்பெற்ற வர்த்தக ஒப்பந்தத்தை உண்டாக்கினார். வேறெந்த நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையையும் ஒப்பந்த நாட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்ற 'மிகவும் வேண்டப்பட்ட நாடு' விதி அதிலிருந்துதான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இன்று உங்கள் ஒப்பந்தங்களின் முதல் விதியும் அதுதான். நூற்றாண்டுப் பகையாளிகள் இருவரையும் அது நெருங்க வைத்தது உண்மை. அதே 1860 அக்டோபரில் அந்த இரண்டு நாட்டுப் படைகளும் சேர்ந்து பெய்ஜிங்கின் கோடை அரண்மனையைக் கொள்ளையடித்தன; பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் உத்தரவில் அது எரிக்கப்பட்டது. சொல்லப்போனால், 'வேண்டப்பட்ட நாடு' விதி 1843இலேயே சீனாவோடு போட்ட ஒப்பந்தத்தில் இருந்தது. பிரிட்டனுக்கு மட்டும், சீனாவுக்கு இல்லாமல். விதி ஒன்றுதான். சமமானவர்களுக்கு இடையில் ஒரு விளைவு, சமமில்லாதவர்களுக்கு இடையில் வேறு விளைவு.

இருபதாம் நூற்றாண்டை விரிக்க வேண்டியதில்லை. நார்மன் ஏஞ்சல் 1910இல் எழுதிய 'மாபெரும் மாயை' போர் நடக்கவே நடக்காது என்று சொன்னதாக இன்றும் கிண்டல் செய்கிறார்கள். அவர் சொன்னது, ஜெயித்தாலும் லாபமில்லை என்றுதான். 1914 அவரைப் பொய்யாக்கவில்லை. லாபமில்லை என்று தெரிந்தாலும் மனிதர்கள் போருக்குப் போவார்கள் என்பதைக் காட்டியது. 1947 அக்டோபர் 30 அன்று உங்கள் ஜெனீவாவில், உங்கள் அமைப்புக்கு முன்னோடியான காட் (GATT) வர்த்தக ஒப்பந்தத்தின் இறுதி ஆவணத்தில் 23 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உண்டு. மூன்று நாள் முன்புதான், அந்த இரண்டு நாடுகளின் காஷ்மீர்ப் போரில், இந்தியப் படைகள் ஸ்ரீநகரில் இறங்கியிருந்தன.

அப்படியானால் வணிகத்துக்கும் சமாதானத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. உங்கள் கையேடே அதைச் சொல்கிறது, இரண்டாவது காரணமாக: தகராறுகளை நியாயமாகத் தீர்த்துக்கொள்ள ஒரு வழி. ஐரோப்பியச் சிந்தனையில் இதன் வேர் மாண்டெஸ்கியூவைவிடப் பழையது. 1623இல் எமெரிக் க்ரூசே என்ற பாரிஸ் ஆசிரியர், எல்லா அரசர்களின் தூதர்களும் வெனிஸில் நிரந்தரமாக உட்கார்ந்து சச்சரவுகளைத் தீர்க்கும் ஒரு சபையைக் கற்பனை செய்தார். போப்புக்கு அடுத்த ஆசனம் துருக்கி சுல்தானுக்கு. பாரசீகம், சீனா, எத்தியோப்பியா, இந்தியப் பகுதிகளின் அரசர்கள் எல்லோருக்கும் இடம் உண்டு. வணிகர்களை உயர்வாகப் பேசியவர் அவர். ஆனால் வணிகம் நடக்கச் சமாதானம் வேண்டும், சமாதானத்துக்குச் சபை வேண்டும் என்ற வரிசையில் யோசித்தார். 1713இல் சேன்-பியேர் பாதிரியாரும், பிறகு பெந்தாமும் அதே பாதைதான். 1849இல் காப்டன், நாடுகள் தங்கள் தகராறுகளை நடுவரிடம் விட ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார். 79க்கு 176 என்று தோற்றார். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமான் பிரெஞ்சு, ஜெர்மன் நிலக்கரியையும் எஃகையும் ஒன்றாக்கச் சொன்னபோது வெறுமனே 'ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்லவில்லை. இரண்டு நாடுகளுக்கும் மேலே ஓர் ஆணையம் என்றார். அடுத்த வருட ஒப்பந்தத்தில் நீதிமன்றமும் வந்தது. பிரான்சும் ஜெர்மனியும் 1914க்கு முன்பும் வணிகம் செய்தவைதாம். புதிதாக வந்தது அந்த ஆணையமும் நீதிமன்றமும்.

உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஏழு பேர் கொண்ட மேல்முறையீட்டு மன்றம். ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் வேண்டும். அமெரிக்கா நியமனங்களைத் தடுத்துக்கொண்டே வந்ததால் 2019 டிசம்பரில் ஒரே ஒருவர் மிஞ்சினார். 2020 நவம்பரில் அவரும் போய்விட்டார். இப்போது விசாரணைக் குழுவில் தோற்கும் நாடு, உறுப்பினரே இல்லாத அந்த மன்றத்தில் மேல்முறையீடு செய்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அமெரிக்கா எஃகு வழக்கில் அதைச் செய்தது. எங்கள் நாடும் செய்தது: கரும்புக்கும் சர்க்கரைக்கும் இந்தியா தரும் உதவியை எதிர்த்துப் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த சர்க்கரை வழக்கில் 2021 டிசம்பரில் தீர்ப்பு பாதகமாக வந்தது, 2022 ஜனவரியில் மேல்முறையீடு. மன்றத்தை மீட்க வேண்டும் என்று ஜெனீவாவில் பேசுகிற நாடு, அது செத்துக்கிடப்பதன் வசதியையும் அனுபவிக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள். தலைமை இயக்குநர் அம்மையாருக்கு: சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது அந்த வாடிக்கையாளர் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். சீனாவும் உங்கள் உறுப்பினர்; அவர்கள் பள்ளியில் 1839 முதல் நடந்ததைப் படிக்கிறார்கள். அந்த இடத்தில் காண்டின் மூன்றாவது விதியைப் போடலாம், அதே பிரசுரம்தானே. உங்கள் பயிற்சி வகுப்புகளுக்கு வரும் இளம் அதிகாரிகளுக்கு 'ஆரோ' கடிதத்தை ஒரு மணி நேரம் கொடுங்கள்.

உறுப்பு நாட்டுத் தூதர்களுக்கு: நியமனங்களைத் தொடங்கச் சொல்லி 130 நாடுகள் சேர்ந்து திரும்பத் திரும்பக் கொண்டுவரும் தீர்மானம் ஒவ்வொரு தடவையும் ஒரே நாட்டின் மறுப்பால் விழுகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நியமனம் என்ற விதி தொடரும்வரை அது விழுந்துகொண்டேதான் இருக்கும். வேறு வழி இல்லையென்றால் வாக்கெடுப்புக்குப் போங்கள். உங்கள் ஸ்தாபக ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது என்று வாதிடும் சட்ட அறிஞர்கள் உண்டு. அதுவரை, மேல்முறையீட்டை நடுவர் முறையில் கேட்கச் சில நாடுகள் 2020இல் தங்களுக்குள் செய்துகொண்ட இடைக்கால ஏற்பாட்டில் மற்றவர்களும் சேருங்கள்.

இந்தியத் தூதருக்குத் தனியாக ஒன்று. அந்த இடைக்கால ஏற்பாட்டில் நாம் சேரவில்லை. சேர்ந்துவிட்டு, சர்க்கரை வழக்கில் நம் பக்க நியாயத்தை உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கும் இடத்தில் போய்ச் சொல்லுங்கள். தோற்றால் கரும்பு விவசாயிக்கு வேறு எப்படி உதவுவது என்பதை டெல்லியும் மாநிலங்களும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்